குதிப்புக் குழு

தஞ்சாவூர்
14.06.2025

அன்புள்ள ஃபாஜில்,

என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடைக்கு வந்தேன். "அவன் உள்ள தூங்குறான்ப்பா" என்று உன் அத்தா சொன்னார். பகல் பதினொரு மணிக்குத் தூங்குகிற ஆள் இல்லை நீ. உன் அத்தாவுக்கும் பொய் சொல்லிப் பழக்கமில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். அதனால்தான் தபால். நான் ஸ்டாம்ப் ஒட்டுவதைப் பார்த்துவிட்டு விடுதியில் எல்லாரும் காதல் கடிதம் என்று ஓட்டுகிறார்கள்.

முட்டி எப்படி இருக்கிறது, மாப்ளே? ஜவ்வு முழுசாகக் கிழிந்திருப்பதாக ஸ்கேனில் வந்தது என்று ஜாஃபர் சாதிக் சொன்னான். உன் தம்பியாவது என்னோடு பேசுகிறானே என்று ஆறுதலாக இருந்தது. சென்னையில் அரசுத் துறைக் கால்பந்து அணிக்கு மே மாதம் ஆள் எடுத்தபோது நீ போகவில்லை என்பதையும் அவன்தான் சொன்னான். அடுத்த வருடமும் எடுப்பார்கள், அதற்குள் உனக்கு... சரி, இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. விடு.

நாம் பயிற்சி செய்த வயலில் அப்பா குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார். திரும்புவதற்குக் கோன் எங்கே வைத்தோம், குதிக்கிற பெட்டி எங்கே கிடந்தது என்று எதுவும் அடையாளம் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வேடு எழுத உட்கார்ந்துவிட்டேன். மூன்று குழு. கயிற்று ஏணியைத் தரையில் விரித்து அதன் கட்டங்களுக்குள் காலை மாற்றி மாற்றி வைத்து ஓடியவர்கள் ஒரு குழு. தடை தாண்டியும் பெட்டியில் ஏறிக் குதித்தும் பயிற்சி செய்தவர்கள் இன்னொரு குழு. எந்தப் பயிற்சியும் இல்லாமல் வழக்கம்போல் பந்து ஆடியவர்கள் மூன்றாவது. யார் ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று திரும்புகிறார்கள் என்பதுதான் கேள்வி. உன்னிடம் போய் இதையெல்லாம் சொல்கிறேன் பார், முன்னுரை எழுதி எழுதி இப்படி ஆகிவிட்டேன். குதிப்புக் குழுதான் ஜெயித்தது, ஃபாஜில். நம் குழு. ஏணிக் குழு பக்கத்தில்கூட வரவில்லை.

உன் பெயர் குதிப்புக் குழுவில் இருக்கிறது. கடைசிச் சோதனையில் நீ ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதற்கு ஒரு வரி எழுத வேண்டும். "தனிப்பட்ட காரணங்களால் இடையில் விலகினார்" என்று போடச் சொல்கிறார் என் நெறியாளர். அதற்கு உன் கைப்பட இரண்டு வரி வாங்கி வரச் சொல்கிறார்.

கோபப்படாதே. யோசித்துப் பதில் எழுது.

உன்
சேரன்


வலங்கைமான்
22.06.2025

உயர்திரு சேரன் அவர்களுக்கு,

டாக்டராகப் போகிறவருக்கு "டேய்" போட்டு எழுதக் கூடாது என்று "உயர்திரு" போட்டிருக்கிறேன். போதுமா?

ஃபோனில் பேசினால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. பக்கத்தில் அம்மா இருக்கும். எழுதினால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு விடலாம். அதனால் எழுதுகிறேன். பாசத்தில் இல்லை.

முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாய். சொல்கிறேன், அதையும் ஆய்வில் சேர்த்துக்கொள். செருப்புக் கடையில் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். வருகிறவர் காலடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து மாட்டிவிட வேண்டும். எனக்கு உட்கார வராது. போன வாரம் ஒரு அம்மா, "என்ன தம்பி, நின்னுக்கிட்டே தூக்கிப் போடுறே, நாங்க என்ன பிச்சையா எடுக்க வந்தோம்?" என்று கேட்டுவிட்டு எதுவும் வாங்காமல் போனது. இப்போது அத்தாவே வந்து உட்கார்ந்து மாட்டுகிறார், அவர் வயசில்.

பள்ளிவாசலில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறேன். கடைசி ஓரத்தில் வயசானவர்களுக்காகப் போட்டிருக்கிற நாற்காலி. பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்த்து, "உனக்கும் சர்க்கரையா?" என்று கேட்கிறார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏழு பேர் கால்பந்து ஆட்டம் எங்கே நடந்தாலும் இடது ஓரத்தில் ஃபாஜிலைப் பிடிக்க ரெண்டு பேரை நிறுத்துவார்கள். இப்போது சந்தில் நாய் துரத்தினாலும் நின்றுதான் ஆக வேண்டும்.

தனிப்பட்ட காரணமாம். எனக்கு என்னடா தனிப்பட்ட காரணம்? கல்யாணமா? வெளிநாட்டு விசாவா? நோன்பு திறக்க அரை மணி இருக்கும்போது உன் அப்பா வயலில் கட்டாந்தரையில் பெட்டி மேலிருந்து குதித்து இடது பக்கம் திரும்பு என்றாய். குதித்தேன், திரும்பினேன். கால் வெடிப்பில் மாட்டி அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. அந்தச் சத்தம் ஏணிப் பக்கம் நின்றவர்களுக்கே கேட்டது. உனக்குக் கேட்கவில்லையா? விசில் உன் வாயில்தான் இருந்தது.

எழுதித் தர மாட்டேன். வேறு ஆளைப் பார்.

ஃபாஜில்


தஞ்சாவூர்
05.07.2025

அன்புள்ள ஃபாஜில்,

உன் கடிதத்தைப் படித்த அன்று சாப்பிடப் போகவில்லை. இதை உன்னிடம் அனுதாபம் வாங்குவதற்காக எழுதவில்லை. இல்லை, அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

ஆனால் நோன்பு என்று நீ எழுதியதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆய்வு ஆரம்பிக்கும் முன்பே ரமலான் குறுக்கே வருகிறது என்று நெறியாளர் எச்சரித்தார். "நோன்பு வைக்கிறவங்களை எடுக்காதே. உடம்பு நிலைமை வேற, ஒப்பிட முடியாது" என்றார். அதனால்தான் எல்லாரையும் வரப்பு ஓரமாக வரிசையில் நிற்கவைத்துக் கேட்டேன். "இந்த வருசம் யார் யாரு நோன்பு?" ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. நீதான் முன்னால் வந்து, "யாருமில்ல, ஆரம்பி" என்று சிரித்தாய். கேட்டேனா, இல்லையா? நீயே சொல்.

தரையைப் பற்றியும் சொல்கிறாய். புல் மைதானத்துக்கு எங்கே போவேன்? அப்பா உளுந்து தெளிக்காமல் ஒரு போகத்தை விட்டுக்கொடுத்து அந்த வயலைக் கொடுத்தார். ஏணிக் குழுவும் அதே தரையில்தான் ஓடியது.

நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பாய். என் நிலைமையையும் கொஞ்சம் பார், மாப்ளே. உதவித்தொகை நின்றுவிட்டது. பதிவுக் காலம் இந்த டிசம்பரோடு முடிகிறது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. எங்கள் தெருவில் கல்லூரி முடித்தவர்களே கொஞ்சம். அம்மா இப்போதும் நடவுக்குப் போகிறாள். "எம்மவன் டாக்டருக்குப் படிக்கிறான்" என்று வயலில் சொல்லி, "ஊசி போடுற டாக்டரா?" என்று அவர்கள் கேட்டு, பதில் தெரியாமல் சிரித்துவிட்டு வருகிறாள். அவளிடம் போய் எல்லாம் வீணாகப் போச்சு என்று எப்படிச் சொல்வேன்?

இரண்டே வரிதான் கேட்கிறேன்.

சேரன்


வலங்கைமான்
13.07.2025

டேய் சேரா,

கேட்டாய். ஆமாம், கேட்டாய். கேட்கிற மாதிரி கேட்டாய், நாங்களும் சொல்கிற மாதிரி சொன்னோம்.

அதற்கு முந்தின நாள் நாங்கள் எல்லாரும் கடைக்குப் பின்னால் கூடிப் பேசினோம், தெரியுமா? "நாம விலகுனா பாதி ஆளு காலி. அவன் ஆய்வே படுத்துரும்" என்றேன். அப்சர்தான், "நோன்பை வச்சுக்கிட்டுப் பொய் சொல்றதாடா?" என்று முறைத்தான். "யாருக்காகச் சொல்றோம்? நம்ம சேரனுக்குத்தானே. அவன் பேருக்கு முன்னாடி டாக்டர்னு வர வேணாமா?" என்று நான்தான் அவன் வாயை அடைத்தேன். அல்லாஹ் மன்னிப்பான் என்று அவனுக்கு ஃபத்வா வேறு கொடுத்தேன், பெரிய ஆலிம் மாதிரி.

சரி, எங்களை விடு. உனக்குத் தெரியாதா? பயிற்சி முடிந்து வரப்பில் வரிசையாக உட்காருவோம். ஜாஃபர் சாதிக் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவருவான். தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு பாங்கு சத்தத்துக்குக் காத்திருப்போம். நோன்பு இல்லாதவனா, நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கும்போது மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பான்? எங்கள் நடுவில் உட்கார்ந்து நீயும் ஒரு கிண்ணம் குடிப்பாய். "இன்னும் கொஞ்சம் ஊத்துடா, வடை எங்க?" என்று கேட்டது யார்? நாங்கள் திறக்கிறவரைக்கும் நீயும் வாயில் வைக்க மாட்டாய். அந்த மரியாதையை நினைத்து அன்றைக்கெல்லாம் எனக்கு உன்மேல் அவ்வளவு பாசம் வரும். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். நாம் எல்லாரும் சேர்ந்து சொன்ன பொய் அது, நான் அதைக் குறை சொல்லவில்லை. முட்டி என்னுடையது போச்சு. இப்போது பொய்யையும் என் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறாயே, அதுதான் பொறுக்கவில்லை.

நோன்பால் கிழிந்ததா, தரையால் கிழிந்ததா, எனக்குத் தெரியாது. நான் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுது. நாளைக்கு உன் புத்தகத்தைப் பார்த்து எவனோ ஒருவன் எங்கேயோ ஒரு காய்ந்த வயலில் பையன்களைக் குதிக்க வைப்பான். அவர்களுக்குத் தெரியட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். காசு கேட்கவில்லை, மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

ஃபாஜில்


தஞ்சாவூர்
28.08.2025

அன்புள்ள ஃபாஜில்,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எழுதுவதற்கு ஏதாவது செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

செய்துவிட்டேன். நான்காம் இயலில் இதைச் சேர்த்திருக்கிறேன், அப்படியே தருகிறேன்: "குதிப்புக் குழுவில் ஒருவர், ரமலான் நோன்பிருந்த நிலையில், அறுவடைக்குப் பின் காய்ந்து வெடித்திருந்த வயலில் பயிற்சி செய்தபோது இடது முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆய்விலிருந்து விலக நேர்ந்தது. குழுவில் மேலும் பலர் நோன்பிருந்தனர். ஆய்வாளர் இதை அறிந்திருந்தார்." கடைசி வரியை எழுதுவதற்கு ஒரு பகல் முழுக்க ஆனது. எழுதிய பிறகு வெளியே போய் டீ குடித்தேன். நன்றாக இருந்தது.

நெறியாளரிடம் கொண்டுபோனேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அவர் கெட்டவர் இல்லை, ஃபாஜில். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நோன்பாலதான் கிழிஞ்சதுன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது சார். ஆனா நடந்தது இதுதான்."

"இந்த ஒரு பாரா உள்ள இருந்தா நோன்பு வச்ச அத்தனை பேரையும் கழிக்கணும். கழிச்சா குழுவே இல்ல. அப்புறம் எதை எதோட ஒப்பிடுவே? மத்ததெல்லாம் குப்பைக்குத்தான் போகும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன், ஃபாஜில்.

அந்தப் பாரா இருக்கும். நான் எடுக்க மாட்டேன்.

சேரன்


வலங்கைமான்
07.09.2025

சேரா,

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "ஆய்வாளர் இதை அறிந்திருந்தார்" என்று வந்ததும் நிறுத்தச் சொன்னது. பிறகு, "அந்தப் புள்ளையையும் சேத்து ஏன்டா கெடுக்குறே?" என்று என்னைத் திட்டியது. எங்கள் அம்மா கமருன்னிஸாவுக்கு எப்போதும் பெற்ற பிள்ளையைவிட ஊரான் பிள்ளைமேல்தான் உருக்கம். மீலாது நபிக்கு நெய்ச்சோறு ஆக்கியது. "சேரன் இருந்தா ரெண்டு தட்டு சாப்பிடும்" என்று மட்டும் சொன்னது.

நான் உன்னைக் கெடுக்க நினைக்கவில்லையடா. உன் பட்டம் போக வேண்டும் என்று ஒரு நாளும் துஆ கேட்டதில்லை. பட்டமும் வர வேண்டும், அந்தப் பாராவும் இருக்க வேண்டும். ரெண்டும் நடக்க வழி இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் படிப்பில் அதற்கெல்லாம் ஏதாவது ஒரு ஏற்பாடு இல்லாமலா இருக்கும்?

கும்பகோணத்தில் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். ஆபரேஷன் செய்தால் நடக்க, மாடி ஏற, கடையில் நிற்க எல்லாம் சரியாகும் என்றார். "ஆட முடியுமா?" என்று கேட்டேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். செருப்புக் கடை என்றேன். "அப்புறம் என்ன, போதுமே" என்றார்.

போகட்டும். நீ எழுதியது எனக்குப் பெரிசு. அந்த எலும்பு டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்த அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்து கிடந்தது. அது இல்லாவிட்டால் அன்று எப்படிக் கழிந்திருக்கும் என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. தூங்குகிறேன் என்று அத்தா சொல்ல மாட்டார்.

ஃபாஜில்


தஞ்சாவூர்
11.01.2026

அன்புள்ள ஃபாஜில்,

நான் ஏன் வரவில்லை, ஏன் எழுதவில்லை என்று இதற்குள் உனக்குப் புரிந்திருக்கும். புரிந்திருக்கும் என்பதாலேயே எழுதப் பயமாக இருக்கிறது.

பாராவை எடுத்துவிட்டேன்.

யாரும் என் கையைப் பிடித்துத் திருகவில்லை. நெறியாளர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நவம்பரில் மழை விடாமல் பெய்தபோது ஒரு நாள் அம்மா விடுதிக்கு வந்தாள். சம்பாப் பயிர் தண்ணீரில் கிடக்கிறது என்று சொன்னாள். எனக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள், பஸ்ஸில் பாதி கொட்டிவிட்டது. "எப்பப்பா முடியும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். "டிசம்பர்ல முடிஞ்சுரும்மா" என்றேன். அவளை பஸ் ஏற்றிவிட்டு அறைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்து எடுத்துவிட்டேன். உன் கைப்பட வரி எதுவும் தேவைப்படவில்லை. கேட்பதற்கே ஆள் இல்லை.

பதிவுக் காலம் முடிகிறது என்று மதிப்பீட்டை அவசரமாக முடித்துவிட்டார்கள், போன வாரம் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "குதிப்புக் குழுவுல ஒருத்தர் குறையுதே?" என்றார். "தனிப்பட்ட காரணம் சார்" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்பிவிட்டார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, ஃபாஜில். நாம் அடித்துக்கொண்டதெல்லாம் அவ்வளவுக்குத்தான்.

பட்டம் கொடுத்துவிட்டார்கள். கைதட்டினார்கள். நான் வழக்கப்படி எல்லாருக்கும் முந்திரி கேக்கும் மிக்சரும் வாங்கிக் கொடுத்தேன்.

என்னைத் திட்டி ஒரு கடிதமாவது எழுது.

சேரன்


வலங்கைமான்
21.02.2026

சேரன்,

திட்டுவதற்காக எழுதவில்லை. திட்ட வேண்டும் என்று ஜனவரியிலேயே உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை. இப்போது வேறு காரியம், அவசரம்.

நோன்பு தொடங்கிவிட்டது. நம் கால்பந்துக் கழகச் செயலாளர் நெடுஞ்செழியன் கோடை ஆட்டத்துக்காகப் பையன்களைத் திரட்டிவிட்டார். உன் ஆய்வேட்டில் ஒரு பிரதியை நீயே கழகத்துக்குக் கொடுத்தாயாமே. அதிலிருந்த பயிற்சிப் பட்டியலைப் பெரிதாக அச்செடுத்துக் கிளப் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஏணியெல்லாம் வேண்டாமாம், குதிப்புதான் சிறந்தது என்று நிரூபணம் ஆகிவிட்டதாம். சாயங்காலம், நோன்பு திறப்பதற்கு முன்னால்தான் எல்லாருக்கும் நேரம் தோதுப்படுகிறது. இடம் எது என்று கேட்காதே. உன் அப்பா இந்த வருடமும் உளுந்து தெளிக்கவில்லை. "எம்மவன் டாக்டர் பட்டம் வாங்குன வயலுங்க" என்று அவரே கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஜாஃபர் சாதிக் குதிப்பில் இருக்கிறான். பதினெட்டு முடிந்துவிட்டது. நான் இருந்த இடது ஓரம் இப்போது அவனுக்கு.

நான் போய் நெடுஞ்செழியனிடம் சொன்னேன். எனக்கு நடந்தது அவருக்குத் தெரியாததா? "அது உன் நேரம்ப்பா. அடி ஆட்டத்துலயும்தான் படும். பயிற்சியில தப்பு இருந்தா சேரன் எழுதியிருக்க மாட்டாரா? பட்டம் சும்மாவா குடுக்குறாங்க?" என்றார். எனக்கு ஆதரவாகப் பேச ஒருவன் இல்லை. அப்சர் துபாய் போய்விட்டான், அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. புதுப் பையன்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, நொண்டிக்குப் பொறாமை என்று நினைக்கிறார்கள். வீட்டில் ஜாஃபர் சாதிக்கிடம் சொன்னால் அவனும் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறான்.

நான் சொன்னால் எடுபடாது. நீ வந்து சொல். புத்தகத்தில் எழுத வேண்டாம், உன் பட்டத்தை யாரும் பிடுங்கப் போவதில்லை. வாயால் ஒரு வார்த்தை. "நோன்போட இந்தத் தரையில குதிக்காதீங்க, ராத்திரி தராவீஹ் தொழுகை முடிச்சுட்டு புல்லுல பாத்துக்கலாம்" என்று நீ சொன்னால் போதும், கேட்பார்கள்.

எனக்காக இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போகிற நாளைப் பார்க்க என்னால் முடியாது. கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

ஃபாஜில்


தஞ்சாவூர்
24.02.2026

ஃபாஜில்,

கடிதம் இப்போதுதான் கிடைத்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, மார்ச் ஒன்றாம் தேதி, சாயங்காலப் பயிற்சிக்கு வயலுக்கே வருகிறேன். நெடுஞ்செழியனுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், எதற்கு என்று சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பற்றியும் சொல்கிறேன். நீயும் அங்கே நில்.

இதையாவது செய்யவில்லை என்றால் நான் மனுசனே இல்லை.

சேரன்


வலங்கைமான்
02.03.2026

சேரா,

நேற்று நீ வந்தாய். உன்னை ரோட்டில் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிக்காதே. வயல் ஓரமாக வண்டியில் சாய்ந்து நின்றேன்.

நெடுஞ்செழியன் மைக் செட் வைத்திருப்பார் என்று நீ எதிர்பார்க்கவில்லை. அது உன் முகத்திலேயே தெரிந்தது. "டாக்டர் சேரன் அவர்களை வருக வருக என" என்று ஃப்ளெக்ஸ் வேறு கட்டியிருந்தார். சால்வையை உனக்குப் போர்த்தும்போது ஜாஃபர் சாதிக்தான் ஃபோட்டோ எடுத்தான். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் நின்று நான் பார்த்ததே இல்லை. உன் அம்மா பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது.

மைக்கைப் பிடித்தாய். "இந்தப் பயிற்சியப் பத்தி ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாய். பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன், சொல் என்று. பிறகு நீ உன் அப்பாவைப் பார்த்தாய். அங்கிருந்து உன் கண் திரும்பவே இல்லை.

"தண்ணி நிறையக் குடிங்க. அதுதான் முக்கியம்" என்றாய்.

"அண்ணே, நோன்பு!" என்று ஒருத்தன் கத்தினான். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "சரி, நோன்பு தொறந்தப்புறம் குடிங்க" என்றாய். கைதட்டல். உன் அப்பா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாங்கு சொல்லும் முன்பே போய்விட்டாய். என் பக்கம் வரவில்லை. வந்திருந்தாலும் நான் என்ன கேட்டிருப்பேன்? உன் இடத்தில் நான் நின்று, அந்த நாற்காலியில் என் அத்தா உட்கார்ந்திருந்தால் எனக்கும் வாய் வந்திருக்காது. அதனால் உன்மேல் கோபமே வரவில்லை. வந்தால் தேவலாம் போல இருக்கிறது. ஒன்றுமே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜாஃபர் சாதிக்கை உட்காரவைத்துச் சொன்னேன். உன்னிடம் என்ன கேட்டிருந்தேன், நீ என்ன சொல்ல வந்தாய், எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அவரே வந்து குதிங்கன்னுதானேண்ணே சொல்லிட்டுப் போறாரு. அவரைவிட உனக்குத் தெரியுமா?" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். இதற்குப் பதில் உன் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தாலும் இருக்காது.

இனிமேல் எழுதாதே. நானும் எழுத மாட்டேன். சண்டை இல்லை, எழுத ஒன்றும் இல்லை.

இன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு ஜாஃபர் சாதிக் நேராகக் கடைக்கு வந்தான். "ஷூ அடி தேஞ்சுபோச்சுண்ணே, வழுக்குது. குதிக்கிறதுக்குத் தோதா ஒண்ணு எடுத்துக் குடு" என்றான். போகாதே என்று கதவை மறித்து நின்றிருக்கலாம். என் காலுக்கு ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், அவன் தள்ள மாட்டான், சுற்றிக்கொண்டு போவான். மேல் தட்டில் தேடி, குதிகாலில் மெத்தை கனமாக இருக்கிற ஜோடியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அது ஒன்றுதான் என் கையில் இருந்தது. என்னால் குனிய முடியாது என்று அவனே கீழே உட்கார்ந்து கயிற்றைக் கட்டினான். "இன்னும் இறுக்கிக் கட்டுடா" என்றேன். கட்டினான். சலாம் சொல்லிவிட்டு வயலுக்குப் போயிருக்கிறான்.

ஃபாஜில்